முதுகு தேய்க்க ஒரு கை

பீர்க்கங்கொடியில் கடைசிக் காய்கள் இரண்டு மூன்றைப் பறிக்காமல் விட்டுவிடுவது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் வழக்கம். ஒன்று விதைக்கு, மற்றவை குளியலுக்கு. வேலியிலேயே முற்றி, மஞ்சளாகி, பழுப்பேறி, உலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும் வரை அவை தொங்கும். பிறகு பறித்து, காய்ந்த தோலை நொறுக்கி உரித்து, நுனியைக் கிள்ளி விதையைக் கொட்டினால் கையில் மிஞ்சுவது வலைப்பின்னலான ஒரு கூடு. பீர்க்கங்கூட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் அன்று குறைவு. நைந்துபோனால் எருக்குழியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வார்கள்.

இன்று அதே கூடு வட்டமாக நறுக்கப்பட்டு, ஓரத்தில் துணி தைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் ‘லூஃபா’ என்ற பெயரோடு சூப்பர் மார்க்கெட்டில் தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் இப்போது இன்னொன்றும் வந்திருக்கிறது. நீண்ட மரக்கைப்பிடி, கத்தாழை நாரோ பன்றி முடியோ பதித்த வட்டத் தலை. ட்ரை பிரஷ் என்கிறார்கள். குளிப்பதற்கு முன்னால், தண்ணீர் படாத உடம்பில், பாதத்தில் தொடங்கி நெஞ்சை நோக்கி மேலே மேலே ஐந்து நிமிடம் தேய்க்க வேண்டும் என்பது முறை. வேளச்சேரி அடுக்ககத்தில் இருக்கும் என் அண்ணன் மகள் சில நூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். “அத்தை, இது உடம்புக்குள்ள இருக்கிற நச்சையெல்லாம் வெளியே தள்ளிடுமாம். நிணநீர் ஓட்டத்தைச் சீராக்குமாம்” என்றாள். கை, கால் இரண்டிலும் தோல் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து கிடந்தது. நாள் முழுக்க ஏசி அறையில் வேலை பார்க்கிறவள். அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

அன்றைய குளியலில் தேய்ப்பு தனிக் காரியமாக இருந்ததில்லை. செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு, புதனும் சனியும் ஆண்களுக்கு. விடிந்ததுமே கொல்லை அடுப்பில் தவலை ஏறிவிடும். நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டோடு உச்சியில் வைத்து அரக்கித் தேய்ப்பார்கள். பிறகு உடம்பெல்லாம் பூசி, அது ஊறும்வரை வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். அதற்குப் பின்தான் மாவு. தலைக்குச் சீயக்காய், கொங்கு நாட்டில் அரப்பு. உடம்புக்குப் பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் வெயிலில் காயவைத்து மில்லில் திரித்த நலங்குமாவு. மாவு எண்ணெயைக் குடித்துத் திரிதிரியாக உருண்டு வரும். அந்தத் திரியோடு அழுக்கும் செத்த தோலும் கழன்று போகும். பீர்க்கங்கூடு வருவது இதற்கெல்லாம் பிறகு. அதுவும் பெரும்பாலும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் முழங்கைக்கும்தான். காய்ந்த கூட்டைக் காய்ந்த தோலில் வைத்து யாரும் இழுத்து நான் பார்த்ததில்லை. பித்தவெடிப்புக் காலுக்குக் கிணற்றடித் துவைகல்லே போதும் என்று விட்டவர்களும் உண்டு.

இந்த வரிசைக்குள் ஒரு பாதுகாப்பு இருந்தது என்பதை இன்றைய தோல் மருத்துவம் படிக்கும்போது உணர்கிறேன். நம் தோலின் மேல்தளம் செத்த செல்கள் பதினைந்து இருபது வரிசையாக அடுக்கிய ஒரு படலம். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் அதன் தடிமன் ஒரு தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அந்தச் செல்களுக்கு இடையே கொழுப்புப் பொருள்கள் பூச்சுப்போல நிரம்பியிருக்கின்றன. உடம்பின் ஈரம் ஆவியாகிவிடாமல் காப்பதும் வெளிக்கிருமியை உள்ளே விடாமல் தடுப்பதும் அந்தப் பூச்சுதான். அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர இளவயதில் ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், வயதாக ஆக இன்னும் கூடும். நாம் தொடாவிட்டாலும் அது தானே உதிரும். எண்ணெய் ஊறிய தோலில் உராய்வு குறைவு. வெந்நீரில் நனைந்த தோல் மிருதுவாகி, உதிரத் தயாரான செல்களை மட்டும் எளிதில் விட்டுக்கொடுக்கும். மாவோ நாரைவிட மென்மையானது. முரட்டு நாருக்கு ஒதுக்கியது தோல் தடித்த இடங்களை மட்டும். யாரும் பாடமாக எழுதிவைக்காத இந்த அளவு, கைப்பழக்கமாகவே தலைமுறை தாண்டி வந்தது.

இதில் முதுகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதுகு தேய்க்க எப்போதும் இன்னொருவர் வேண்டியிருந்தது. அம்மா, அத்தை, அக்கா, ஓரகத்தி. காவிரிப் படித்துறையில் ஆண்கள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிடுவது அன்றாடக் காட்சி. தேய்க்கிற கைக்குக் கண்ணும் உண்டு. புதிதாகக் கிளம்பிய கட்டி, பரவுகிற படை, முன்னைவிட எலும்பு துருத்திய தோள்பட்டை எல்லாம் அந்தக் கைக்குத்தான் முதலில் தட்டுப்படும். தொட்டால் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் தொழுநோயின் ஆரம்ப அடையாளமாக இருக்கலாம். முதுகில் அது வந்தால் வந்தவருக்குத் தெரியாது, தேய்ப்பவருக்குத்தான் தெரியும். ஆடிக்குத் தாய்வீடு வந்த பெண் வாயைத் திறந்து எதையும் சொல்லாமல் இருக்கலாம். எண்ணெய் தேய்க்க முதுகைக் காட்டும்போது, புகுந்த வீட்டில் நடப்பதை அம்மாவின் கை படித்துவிடும். அப்படிப் படித்துவிட்டு அடுப்படியில் போய் அழுத தாய்மார்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

அன்று எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. வாரம் இருமுறை நல்லெண்ணெய் என்பது எண்ணெய் வாங்க முடிந்த வீட்டின் கதை. நாற்று நட்டுக் கூலி வாங்கிய குடும்பங்களில் பலருக்கு உடம்பு முழுக்க எண்ணெய் என்பது தீபாவளிக்கு ஒருநாள். மாவைப் பிசைந்து உருட்டிப் பச்சிளம் குழந்தையின் மேல் தேய்த்து ரோமத்தை எடுக்கும் வழக்கமும் இருந்தது. அந்தத் தோல் தாங்காது, சிவந்து புண்ணாகும். பிறந்த குழந்தையை முதல் 24 மணிநேரம் குளிப்பாட்டவே வேண்டாம் என்பது இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பிறக்கும்போது மேலே ஒட்டியிருக்கும் வெண்ணிற மாவுப் படலமே குழந்தைக்குக் காப்பு, அதைத் துடைத்தெடுக்கத் தேவையில்லை.

இன்னொன்று என்னை இன்றும் வருத்துவது. கறுத்த பெண்பிள்ளையாக இருந்தால் தேய்ப்பு கடுமையாகும். “இன்னும் ரெண்டு தேய் தேய், நிறம் வரும்” என்று முழங்கையிலும் கழுத்திலும் தோல் எரியும்வரை தேய்த்த கைகள் அன்பான கைகள்தான். ஆனாலும் அது அந்தப் பிள்ளைக்கு இழைத்த அநீதி. நிறம் தோலின் மேல் படிந்த பொருளே இல்லை. மேல்தோலின் அடிவரிசையில் இருக்கும் செல்கள் மெலனினை உண்டாக்கி, மேலே ஏறும் ஒவ்வொரு செல்லுக்கும் கொடுத்தனுப்புகின்றன. ஒரு வரிசையை உரித்தால் அடுத்த வரிசை அதே நிறத்தோடு வரும். அழுத்தித் தேய்த்துத் தோல் வீங்கிச் சிவந்தால் அந்தச் செல்கள் கலங்கி மேலும் மெலனினைச் சுரக்கும். நம்மைப் போன்ற கறுப்பு, மாநிறத் தோலில் இது இன்னும் அதிகம். வெளுப்பாக்கத் தேய்த்த இடம் கறுத்துப்போகக் காரணம் இதுதான். கழுத்துப் பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாகவும் வரும். அதை அழுக்கென்று நாரால் உரசுவதைவிட ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதே சரி.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. சோப்பு முதலில் மாவை ஒதுக்கியது. சென்னையில் 1969-இல் மருத்துவர் வி.பி. சித்தன் தொடங்கிய மெடிமிக்ஸ் போன்ற மூலிகைச் சோப்புகள், மாவின் இடத்தைச் சோப்பே பிடிக்கலாம் என்ற நம்பிக்கையைத் தந்தன. கடலூர் சின்னி கிருஷ்ணன் குடும்பத்தின் பாக்கெட் ஷாம்பு சீயக்காயைப் பண்டிகைக்கு மட்டும் ஆக்கியது. வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மணிநேரம் ஏது? அந்த நேரம் போனதில் எனக்குக் குறையில்லை. கொல்லையும் கிணறும் போய்க் குளியலறை படுக்கையறைக்குள் வந்தது, கதவு சாத்திக்கொண்டது. முதுகு தேய்க்க வரும் கை வெளியே நின்றுவிட்டது. அந்தக் கையின் இடத்துக்கு நைலான் வந்தது. பந்துபோல் சுருட்டிய வலை, கையுறை, இரண்டு முனையிலும் பிடிவைத்து முதுகில் குறுக்கே இழுக்கும் நீளப் பட்டை. அதற்கும் பின்னால்தான் உலர்தூரிகை.

உலர்ந்த உடம்பைத் தேய்ப்பதும் புதிதில்லை. சுசுருத சம்ஹிதை பொடியும் பிறவும் வைத்துத் தேய்க்கும் உத்வர்த்தனத்தையும் கரடுமுரடாக உரசும் உத்கர்ஷணத்தையும் தனித்தனியே சொல்கிறது. கேரளத்து வைத்தியசாலைகளில் சூரணத்தால் கீழிருந்து மேலாகத் தேய்க்கும் பொடித்திரும்மல் இன்றும் நடக்கிறது. ஜப்பானில் உலர்ந்த துண்டால் உடம்பைத் தேய்க்கும் ‘கன்பு மசட்சு’ உண்டு. குளிர்காலக் காலையில் பள்ளிப் பிள்ளைகள் மேல்சட்டை இல்லாமல் வரிசையில் நின்று அதைச் செய்வார்கள், இப்போது அது அருகிவிட்டது. டென்மார்க்கின் ஜெ.பி. முல்லர் 1904-இல் வெளியிட்டு ஐரோப்பா முழுதும் பரவிய ‘என் முறை’ என்ற நூலில், நாளுக்கு 15 நிமிடப் பயிற்சியில் உள்ளங்கையால் உடம்பைத் தேய்ப்பதும் ஒரு பகுதி. ஜெர்மனியில் பாதிரியார் செபாஸ்டியன் க்னைப் பரப்பிய நீர்மருத்துவ மரபைப் பின்பற்றுகிறவர்களிடம் தூரிகைத் தேய்ப்பும் வழக்கத்தில் இருக்கிறது. குளிர்நாட்டு வழக்கங்களின் நோக்கம் பெரும்பாலும் எளிமையானது: குளிருக்கு உடம்பு பழக வேண்டும், ரத்தம் தோலுக்கு வர வேண்டும், தூக்கம் கலைய வேண்டும்.

இன்று அந்தத் தேய்ப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் வாக்குறுதிகள் அப்படி எளிமையாக இல்லை. முதல் வாக்குறுதி நச்சு நீக்கம். உடம்பின் கழிவை வடிகட்டும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. தோலின் செத்த படலத்தை உரசுவதால் ரத்தத்திலிருந்து எதுவும் வெளியேறுவதில்லை. இரண்டாவது நிணநீர். நிணநீருக்கு இதயம்போல் ஒரு பம்பு கிடையாது என்பது உண்மை. தசைகள் சுருங்குவதாலும் மூச்சாலும் குழாய்களின் சொந்தத் துடிப்பாலும் அது நகர்கிறது. நடந்தாலே ஓடும். நிணநீர் தேங்கிக் கை கால் வீங்கிய நோயாளிகளுக்குக் கையால் வடிய வைக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வாடர், எஸ்ட்ரிட் வாடர் தம்பதி 1930-களில் பிரான்சில் உருவாக்கியது. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கியவர்களுக்குப் பயிற்சி பெற்றவர்கள் இன்றும் அதைச் செய்கிறார்கள். அதில் கை மிக மெதுவாக, தோலை லேசாக இழுத்து விடும் அளவுக்கே படும். முள் போன்ற நாரால் உரசுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வீங்கிய கையில் தோல் கீறினால் கிருமி புகும். நம் ஊரில் யானைக்கால் நோயாளிகளுக்குத் தோலில் ஒரு கீறலும் விழாமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவித் துடைத்து வைக்கும்படி சொல்லித் தருவது இதனால்தான்.

மூன்றாவது வாக்குறுதி, தொடையில் குழி குழியாகத் தெரியும் கொழுப்பு மறையும் என்பது. அந்தக் குழிகள் தோலுக்கு அடியில் கொழுப்பைக் கட்டிவைத்திருக்கும் நார்த்திசு இழுப்பதால் வருவன. பெண்களில் பெரும்பாலோருக்கு இருக்கும், நோயே கிடையாது. தேய்த்ததும் தோல் கொஞ்சம் சிவந்து உப்புவதால் குழி சற்றுநேரம் மறைந்ததுபோல் தெரியும். சில மணிநேரத்தில் பழையபடி ஆகிவிடும்.

இவ்வளவையும் கழித்துவிட்டால் தூரிகைக்கு மிஞ்சுவது இரண்டு நன்மை. சொரசொரப்பான தோலில் செத்த படலம் கொஞ்சம் உதிர்ந்து வழவழப்பு வரும். காலையில் உடம்பு சுறுசுறுப்பாகும். இரண்டும் உண்மையான நன்மைகள், அவற்றை நான் மறுக்கவில்லை. ஓடி ஓடி உழைக்கும் ஒரு பெண் தன் உடம்புக்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்குகிறாள் என்பதும் எனக்கு மகிழ்ச்சிதான்.

என் கவலையெல்லாம் முதுகைப் பற்றி. நாரால், நைலானால் ஆண்டுக்கணக்கில் தேய்த்தவர்களின் மேல்முதுகிலும் தோள்பட்டையிலும் கழுத்தெலும்பு மேலும் சாம்பல் கலந்த கருமை படர்வதைத் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். உற்றுப் பார்த்தால் ஆற்று மணலில் காற்று வரைந்த வரிபோல அலையலையாக இருக்கும். எலும்பு துருத்தும் இடங்களில், நாருக்கும் எலும்புக்கும் நடுவே தோல் நெருக்கப்படும் இடங்களில் அது தொடங்கும். ஜப்பானில் 1980-களில் இதை நைலான் துண்டோடு தொடர்புபடுத்தி மருத்துவர்கள் எழுதினார்கள். உராய்வில் சிதைந்த மேல்தோல் செல்களின் புரதம் கீழே படிவதும் சிலருக்கு நடக்கிறது. வந்தபின் மறையப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுமையாக மறைவதே இல்லை. எந்தக் களிம்புக்கும் முன்னால் மருத்துவர் சொல்வது, தேய்ப்பதை நிறுத்துங்கள் என்பதைத்தான். கொடுமை என்னவென்றால், அந்தக் கருமையை அழுக்கென்று நினைத்து இன்னும் பலமாக இழுக்கிறவர்கள் உண்டு. பூட்டிய குளியலறையில் சொந்த முதுகை யார் பார்க்கிறார்கள்? அன்று அந்த முதுகைப் பார்க்க ஒரு கண் இருந்தது. “என்னடி, இங்க கறுத்துக் கெடக்கு?” என்று கேட்க ஒரு வாய் இருந்தது.

நார் காயும் இடமும் மாறிவிட்டது. அன்று கூட்டை அலசி வேலியில் செருகினால் பத்து மணி வெயிலுக்குள் முறுமுறுவென்று காய்ந்துவிடும். இன்றைய குளியலறையில் பலவற்றுக்குச் சன்னலே இல்லை. குழாயில் மாட்டிய நார் மறுநாள் வரை ஈரமாகவே தொங்குகிறது, அதன் வலைக்குள் நம் தோல் துணுக்குகளும் சேர்ந்திருக்கின்றன. கிருமிக்கு வேறு என்ன வேண்டும்? பீர்க்கங்கூட்டு நாரில் சூடோமோனாஸ் உள்ளிட்ட நோய்க்கிருமிகள் செழித்து வளர்வதை 1994-இல் அமெரிக்க நுண்ணுயிரியல் ஆய்வாளர்கள் எழுதிக் காட்டினார்கள். ரோமக்கால்களில் கொப்புளம் வரவைக்கும் கிருமி அது. நீரிழிவுக்காரர்களுக்கு ஒரு சின்னக் கீறலே போதும், புண் ஆறாமல் நிற்கும்.

ஆகவே என் அண்ணன் மகளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தூரிகையைத் தூக்கிப் போட வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை, தடித்த இடங்களில், தோல் சிவக்காத அளவுக்குப் போதும். கழுத்தும் மார்பும் முகமும் வேண்டாம். தேய்த்து எரிந்தால் அது அதிகம். குளித்து மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வேறு எந்தக் களிம்போ பூசிவிட வேண்டும். வறண்ட தோலுக்குத் தூரிகையைவிட எண்ணெய்தான் முதல் தேவை. கரப்பான், சொரியாசிஸ் இருப்பவர்கள் தொடவே கூடாது. சொரியாசிஸ் உள்ளவரின் நல்ல தோலில் கீறல் விழுந்தால் அந்த இடத்திலும் நோய் கிளம்பும் என்பதை ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1870-களிலேயே கண்டு சொன்னார். மருவோ பாலுண்ணியோ இருந்தால் தேய்க்கத் தேய்க்க வரிசையாகப் பரவும். சவரம் செய்த அன்றும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் விட்டுவிடுவது நல்லது. தூரிகையை ஒருவரோடு ஒருவர் பகிரக் கூடாது. பயன்படுத்திய பின் பால்கனி வெயிலில் போடுங்கள். பீர்க்கங்கூடு என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். நைலான் பட்டையை இன்றே குப்பையில் போட்டுவிடுங்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் ஒருவர் முதுகுக்கு இன்னொருவர் எண்ணெய் தேய்த்துவிடுங்கள். கணவன் மனைவிக்கு, மகள் அம்மாவுக்கு, தனியாக இருக்கும் தோழிக்குத் தோழி. தேய்க்கும்போது பாருங்கள். அலைபோன்ற கருமையோ, உணர்ச்சியில்லாத தேமலோ, வடிவம் மாறும் மச்சமோ தெரிந்தால் அந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டுக்குக் காசு கேட்பதில்லை.